ஏக்கருக்கு எத்தனை லிட்டர்? அறுவடை இயந்திரமும் டீசல் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சம்பா அறுவடை நெருங்கும் வேளையில், இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நெல் அறுவடை இயந்திரங்களின் டீசல் செலவைப் பற்றியே இருந்தன. இயந்திர உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், வாடகைக்கு எடுக்கும் உழவர்கள் என மூன்று தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்புடைய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் ஒரே திறன் கொண்ட இரண்டு பெல்ட் வண்டிகள் (டயருக்குப் பதிலாக ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரங்கள்) இருக்கின்றன. குறுவைக்கு இரண்டையும் தஞ்சை மாவட்டத்துக்கு அனுப்பியிருந்தேன். ஒன்று மணிக்கு 8 லிட்டர் டீசல் குடித்தது. மற்றொன்று 10 லிட்டர் குடித்தது. 8 லிட்டரில் ஓட்டியவருக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா? (ஆத்தூரிலிருந்து ஓர் உரிமையாளர்)

பதில்: ஊக்கத்தொகை கொடுப்பதற்கு முன் இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு நிலத்தை அறுத்தது என்பதைத் தாங்கள் எழுதவில்லை. 8 லிட்டர் வண்டி மணிக்கு 1 ஏக்கரும், 10 லிட்டர் வண்டி மணிக்கு 1.4 ஏக்கரும் அறுத்திருந்தால், முதல் வண்டிக்கு ஏக்கருக்கு 8 லிட்டர் செலவு, இரண்டாவது வண்டிக்கு 7.1 லிட்டர்தான். 100 ஏக்கர் அறுத்து முடிக்கும்போது முதல் வண்டி 800 லிட்டரும் 100 மணி நேரமும் எடுத்திருக்கும்; இரண்டாவது வண்டி ஏறத்தாழ 714 லிட்டரில், 71 மணி நேரத்தில் வேலையை முடித்திருக்கும். சிக்கனமாகத் தோன்றிய வண்டியே உண்மையில் அதிகம் குடித்த வண்டியாக இருக்கலாம்.

இதற்குக் காரணம் இன்ஜினின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்கு இணையான ஆற்றல் அடங்கியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜின், போதுமான சுமையில் ஓடும்போது, அதில் சுமார் மூன்றரை யூனிட் அளவை வேலையாக மாற்றித் தரும். மீதி வெப்பமாகப் போய்விடும். சுமை குறையக் குறைய இந்தப் பங்கும் குறைகிறது. கதிர் உள்ளே போகாத நேரத்திலும் கதிரடிக்கும் உருளை, சல்லடைகள், காற்றாடி, தானியத்தைத் தள்ளி ஏற்றும் திருகு (ஆகர்), அத்தனை பெல்ட்டுகள், ஹைட்ராலிக் பம்ப் ஆகிய எல்லாம் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. இவற்றைச் சும்மா சுற்ற வைப்பதற்கே ஒவ்வொரு மணி நேரமும் ஒரு நிலையான அளவு டீசல் எரிகிறது. அந்த நிலையான செலவை 1 ஏக்கர் சுமப்பதற்கும் 1.4 ஏக்கர் பகிர்ந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் மேலே பார்த்தோம்.

இதில் ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கில் வாங்கப்படுகிறது, டீசல் உரிமையாளருடையது. ஆகவே மெதுவாக ஓட்டும் வண்டி, மணிக்குக் குறைந்த டீசலையும் ஏக்கருக்கு அதிக வாடகையையும் உரிமையாளருக்குத் தருகிறது. வாடகை மணிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வண்டியை அழைத்த உழவர் ஏக்கருக்கு 2,500 ரூபாய் கொடுத்திருப்பார். இரண்டாவது வண்டியை அழைத்தவர் 1,800 ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்திருப்பார். இந்த வேறுபாடு உழவர்களுக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைப்பதற்கில்லை. அடுத்த பருவத்தில் எந்த வண்டிக்கு அழைப்பு வரும் என்பது வரப்பில் நின்று பார்ப்பவர்கள் முடிவு செய்வது. நின்ற பயிருக்கு ஏக்கர் கணக்கிலும், சாய்ந்த பயிருக்கும் சேற்று வயலுக்கும் மட்டும் மணிக்கணக்கிலும் வாடகை பேசுவதே இரு தரப்புக்கும் நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை தருவதாக இருந்தால், ஏக்கருக்கான லிட்டரையும், வண்டிக்குப் பின்னால் சிந்தும் நெல்லையும் சேர்த்துப் பார்த்துத் தாருங்கள். சிந்தும் நெல்லை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்பது மூன்றாவது கேள்விக்கான பதிலில் வருகிறது.

கேள்வி: நாங்கள் ஓர் உழவர் குழுவாகச் சேர்ந்து வண்டி வாங்கியிருக்கிறோம். டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்து டீசல் கணக்கு எழுதுகிறோம். ஒரு நாள் ஏக்கருக்கு 5 லிட்டர் வருகிறது. மறுநாள் அதே ஊரில் 9 லிட்டர் வருகிறது. சரியாக அளப்பது எப்படி? (மன்னார்குடி)

பதில்: தங்கள் வண்டியில் கோளாறு இருக்கிறதா என்று தேடும் முன், குச்சியைச் சந்தேகியுங்கள். டேங்கின் உட்பரப்பு 120 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது என்றால், டீசல் மட்டம் 1 சென்டிமீட்டர் மாறுவது 6 லிட்டர் மாறுவதற்குச் சமம். வயலில் வண்டி சற்றுச் சரிந்து நின்றாலே குச்சியில் 2 சென்டிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். ஒன்றிரண்டு ஏக்கர் அறுத்துவிட்டுக் குச்சியால் அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

நம்பத்தகுந்த எளிய வழி, டேங்கை முழுதாக நிரப்பி, வேலை முடிந்தபின் மீண்டும் முழுதாக நிரப்புவதுதான். இரண்டாவது முறை எவ்வளவு ஊற்றினீர்களோ அதுவே செலவான டீசல். இதைச் செய்யும்போது டேங்கின் கழுத்துப் பகுதி வரை ஊற்ற வேண்டும்; கழுத்து குறுகலாக இருப்பதால் அங்கே மட்டம் சற்று முன்பின்னாக இருந்தாலும் பிழை சில நூறு மில்லிலிட்டருக்குள் அடங்கிவிடும். வண்டியைச் சமதளமான சிமெண்ட் களத்திலோ சாலையிலோ, இரண்டு முறையும் அதே இடத்தில் அதே திசை பார்த்து நிறுத்துங்கள். நுரை அடங்கவும் உள்ளே சிக்கிய காற்று வெளியேறவும் சில நிமிடங்கள் பொறுத்திருந்து மீண்டும் ஊற்றுங்கள். அளவு குறித்த 5 லிட்டர் ஜாடியால் ஊற்றுவது நல்லது. கேனில் வாங்கிவந்த கணக்கை அப்படியே எழுதுவது நல்லதல்ல.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். டீசல் வெப்பத்தில் விரியும். இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல் சூடாகவே திரும்புவதால், மாலையில் டேங்கில் உள்ள டீசல் காலையில் இருந்ததைவிட 15 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறியிருந்தால் வியப்பில்லை. 100 லிட்டர் டீசல் 15 டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் பெருகும். அன்று மாலையே நிரப்பினால் அந்த ஒன்றேகால் லிட்டர் செலவாகாதது போலத் தோன்றும். ஆகவே காலையில் நிரப்பி, மறுநாள் காலை, வண்டி ஆறிய பிறகு, மீண்டும் நிரப்புங்கள். ஒரு முழு நாள் வேலைக்குக் குறைவான அளவீட்டை ஏட்டில் ஏற்ற வேண்டாம்.

டீசலைச் சரியாக அளந்துவிட்டு நிலத்தைத் தவறாக எழுதுவோரும் உண்டு. பட்டாவில் உள்ள பரப்பில் வரப்பும் வாய்க்காலும் சேர்ந்திருக்கும். பேச்சில் சொல்லும் மூன்று மா, ஓர் ஏக்கர் என்ற கணக்கோ தோராயமானது. பயிர் நின்ற பரப்பை மட்டும் நாடாவால் அளந்தோ, கைப்பேசியில் பரப்பளக்கும் செயலியை இயக்கிக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்தோ குறித்துக்கொள்ளுங்கள். சிறு வயல்களில் கைப்பேசியின் பிழை பெரிதாகத் தெரியும் என்பதால், அடுத்தடுத்த வயல்களைச் சேர்த்து ஒரே சுற்றாக நடப்பது மேல்.

ஏட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள். லிட்டர், ஏக்கர், இன்ஜின் மணி, கிடைத்த மூட்டை, ரகம், பயிர் நின்றதா சாய்ந்ததா, வயல் காய்ந்திருந்ததா ஈரமா, தாள் எந்த உயரத்தில் விடப்பட்டது ஆகியவை அதில் இருக்க வேண்டும். மூட்டைக் கணக்கைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 25 மூட்டை கண்ட வயலையும் 40 மூட்டை கண்ட வயலையும் ஏக்கரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இரண்டாவது வயலில் வண்டி வீணாகக் குடித்ததாகத் தோன்றும். உண்மையில் அங்கே வண்டிக்குள் சென்ற கதிரும் தாளும் அதிகம். ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்பதோடு, ஒரு டன் நெல்லுக்கு எத்தனை லிட்டர் என்பதையும் கணக்கிட்டால் இந்த மயக்கம் தீரும். தாங்கள் கண்ட 5, 9 என்ற எண்களில் எவ்வளவு குச்சியின் பிழை, எவ்வளவு வயலின் வேறுபாடு என்பது இரண்டு வாரம் இப்படி எழுதினால் தெரிந்துவிடும்.

ஒரு நாளாவது ஒருவர் கடிகாரத்துடன் வரப்பில் நின்று நேரத்தைக் குறித்துப் பாருங்கள். 2 மீட்டர் அகலம் வெட்டும் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாமல் போனால் மணிக்கு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் அறுக்க வேண்டும். ஆனால் 1 ஏக்கருக்குக் கிட்டத்தட்டத்தான் அறுக்கிறது என்றால், ஒரு மணி நேரத்தில் சுமார் 20 நிமிடம் திரும்புவதிலும், நெல்லைக் கொட்டுவதிலும், டிராக்டருக்குக் காத்திருப்பதிலும், அடைப்பெடுப்பதிலும் போகிறது. டீசலை மிச்சப்படுத்த முதலில் தேட வேண்டிய இடம் அந்த 20 நிமிடம்தான்.

கேள்வி: எங்கள் வயலில் அறுத்த ஓட்டுநர், டீசல் மிச்சமாகும் என்று சொல்லி ஆக்சிலரேட்டரைக் குறைத்து வைத்து ஓட்டினார். வண்டிக்குப் பின்னால் நெல் நிறையச் சிந்தியது போலத் தெரிந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (ஒரத்தநாடு)

பதில்: நேரடியான தொடர்பு உண்டு. டிராக்டரில் இலேசான வேலைக்கு ஆக்சிலரேட்டரைக் குறைத்து, மேல் கியரில் ஓட்டி டீசலை மிச்சப்படுத்துவது சரியான பழக்கம். அறுவடை இயந்திரத்தில் அதைச் செய்யக் கூடாது. இங்கே கதிரடிக்கும் உருளையும், சல்லடையின் ஆட்டமும், பதரை ஊதித் தள்ளும் காற்றாடியும் ஒரே இன்ஜினின் சுழற்சியோடு பெல்ட்டுகளால் கட்டப்பட்டிருக்கின்றன. இன்ஜின் சுழற்சி குறைந்தால் எல்லாம் சேர்ந்து குறையும். உருளை மெதுவாகச் சுற்றினால் கதிரில் நெல் முழுதாக உதிராமல் தாளோடு வெளியேறும். காற்று குறைந்தால் பதரும் கருக்காயும் நெல்லோடு தொட்டிக்கு வரும். சல்லடையில் குப்பை தேங்கி, நல்ல நெல்லையும் இழுத்துக்கொண்டு பின்னால் விழும். தயாரிப்பாளர் குறித்த சுழற்சியில் இன்ஜினை வைத்துவிட்டு, வண்டியின் முன்னேறும் வேகத்தை மட்டும் பயிருக்கு ஏற்றாற்போல் கூட்டியோ குறைத்தோ ஓட்டுவதே முறை.

இப்போது ரூபாயில் பார்ப்போம். 2025-26 கொள்முதல் பருவத்தில், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டன. கிலோவுக்கு 25 ரூபாய் என்று கொள்வோம். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 40 மூட்டை, அதாவது 2,400 கிலோ விளைந்த வயலில் நூற்றுக்கு ஒரு பங்கு சிந்தினால் 24 கிலோ. அதன் மதிப்பு 600 ரூபாய். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது. ஆக, நூற்றுக்கு ஒரு பங்கு நெல் சிந்துவது ஏக்கருக்கு 6 லிட்டருக்கு மேல் டீசலைத் தரையில் ஊற்றுவதற்குச் சமம். ஓர் ஏக்கரை அறுப்பதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு டீசல்தானே ஆகிறது! அரை லிட்டரை மிச்சப்படுத்திவிட்டு இந்த நட்டத்தை உழவர் தலையில் ஏற்றுவதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

சிந்தியதை நீங்களே அளக்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் மூங்கில் குச்சிகளால் ஒரு சட்டம் கட்டி, முதலில் அறுக்காத பயிருக்குள் தரையில் வைத்து, தானாக உதிர்ந்த நெல்மணிகளை எண்ணுங்கள். பிறகு வண்டி போன தடத்தில் தாள் விழுந்த இடத்தில் வைத்து, தாளை உதறிவிட்டு எண்ணி, முன்னதைக் கழியுங்கள். ஆயிரம் மணி 20 கிராம் எடையுள்ள ரகத்தில், ஏக்கருக்கு 24 கிலோ என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 மணி. வண்டி 2 மீட்டர் அகலம் வெட்டி, தாளை 1 மீட்டர் அகலத்தில் கொட்டுகிறது என்றால், இரண்டு மீட்டரில் விழ வேண்டியது ஒரு மீட்டரில் விழுவதால், சட்டத்துக்குள் 600 மணி வரை இருந்தால்தான் அந்த நூற்றுக்கு ஒரு பங்கு. மூன்று நான்கு இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். ஓட்டுநரோடு சண்டை போடுவதைவிட, அவரையும் அருகில் உட்கார வைத்து எண்ணுவது பலன் தரும்; பெரும்பாலான ஓட்டுநர்களால், இருக்கையில் இருந்தபடி வண்டிக்குப் பின்னால் நெல் சிந்துவதைப் பார்க்கவே முடிவதில்லை.

கேள்வி: டீசல் குறைய உழவர் தரப்பில் ஏதாவது செய்ய முடியுமா? வண்டி தரப்பில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? (திருத்துறைப்பூண்டி)

பதில்: உழவர் கையில் இருப்பது பலர் நினைப்பதைவிட அதிகம். முதலாவது தண்ணீர். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்டால், பெல்ட் மண்ணில் புதையாது. புதையும் மண்ணில், கதிரடிக்க வேண்டிய சக்தியில் கணிசமான பங்கு வண்டியை நகர்த்துவதற்கே போய்விடுகிறது. தைப்பனியில் காலை ஏழு மணிக்கே வண்டியை இறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நனைந்த தாள் உருளையில் சுற்றிக்கொள்ளும், நெல்லும் சரியாகப் பிரியாது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டு ஈரப்பத வரம்பைத் தாண்டி நிற்க வேண்டிய தொல்லை வேறு. பனி உலர்ந்தபின் தொடங்குவது எல்லோருக்கும் நல்லது.

அடுத்தது வயலின் வடிவம். 50 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள 25 சென்ட் வயலை நீளவாக்கில் அறுத்தால் 10 ஓட்டம். குறுக்குவாக்கில் அறுத்தால் 25 ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஒரு திருப்பம். மூலைகளை முன்னதாகவே கையால் அறுத்து வைத்தால், வண்டி ஒவ்வொரு மூலையிலும் முன்னும் பின்னுமாகப் போய்வர வேண்டியதில்லை. பக்கத்து வயல்காரர்களோடு பேசி, ஒரே நாளில் ஒரே வரிசையில் அறுத்தால் ஊருக்குள் வண்டி அலைவது குறையும். டிராக்டரும் டிரெய்லரும் வண்டியின் தொட்டி நிரம்பும் இடத்துக்கு அருகில் காத்திருக்க வேண்டும். தொட்டி நிரம்பிய வண்டி டிராக்டருக்காகக் காத்திருக்கும் நிலை வரக் கூடாது.

தாளை எவ்வளவு தாழ அறுப்பது என்பதில் உழவரும் உரிமையாளரும் முரண்படுவது இயல்பே. தாழ அறுத்தால் கூடுதலான தாள் முழுதும் உருளை வழியாகப் போகிறது, அதற்குக் கூடுதல் டீசல் தேவை, வேகமும் குறையும். வைக்கோலைக் கட்டி விற்பவருக்கோ மாடு வைத்திருப்பவருக்கோ அந்தச் செலவு தகும். வைக்கோல் தேவையில்லாதவர், சற்று உயரமாக அறுக்கச் சொன்னால், டீசல், நேரம் இரண்டும் மிச்சமாகும். தாளை மடக்கி உழுதுவிடலாம். கொளுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி தரப்பில், காற்றும் கூர்மையும்தான் முதலில். நெல் அறுவடைத் தூசி மிக நுண்ணியது. நாள்தோறும் ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டர் வலையையும் சுத்தம் செய்யாவிட்டால் இன்ஜின் மூச்சுத்திணறி, சூடேறி, கரும்புகை கக்கத் தொடங்கும். கரும்புகை என்பது முழுதாக எரியாமல் வெளியேறும் டீசல். ஏர் ஃபில்டரை அழுத்தமான காற்றால் ஊதும்போது உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். அதைத் தட்டி அடித்து உதறுவது காகிதத்தைக் கிழித்து, தூசியை நேரே சிலிண்டருக்குள் அனுப்பும். மழுங்கிய பிளேடு தாளை வெட்டாமல் பிடுங்கும். தளர்ந்த பெல்ட் வழுக்கிச் சூடாகும். இன்ஜின் தந்த சக்தி அங்கே ரப்பரைத் தேய்ப்பதற்குச் செலவாகிறது. வண்டியை நகர்த்தும் ரப்பர் பெல்ட்டின் இறுக்கமும் அப்படியே: மிகத் தளர்ந்தால் கழன்றுவிடும், மிக இறுகினால் தான் சுற்றி ஓடும் உருளைகளைத் தேய்த்துக்கொண்டு டீசலையும் குடிக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன அளவுக்குத் தொய்வு வைப்பதே சரி.

பயிர் சாய்ந்திருந்தால் இந்தக் கணக்குகள் பாதி செல்லாது. மார்கழி, தை மழையில் சாய்ந்த சம்பாவை, சாய்ந்த திசைக்கு எதிராகவோ பக்கவாட்டிலோ மெதுவாகத்தான் அறுக்க முடியும். முன்னால் சுற்றிக் கதிரை உள்ளே தள்ளும் ரீலைத் தாழ்த்தி முன்னே தள்ளி வைத்து, கதிரைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அன்றைய டீசலை நின்ற பயிரின் டீசலோடு ஒப்பிட்டு ஓட்டுநரைக் குறை சொல்வது நியாயமாகாது.

கேள்வி: புதிதாக வண்டி வாங்கப் போகிறேன். விற்பனையாளர் சொல்லும் டீசல் கணக்கை நம்பலாமா? (விருத்தாசலம்)

பதில்: அவர் சொல்வதோடு, சோதனை அறிக்கையையும் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் போன்ற அரசுச் சோதனை நிலையங்கள், ஐ.எஸ். 8122 என்ற இந்தியத் தர முறைப்படி அறுவடை இயந்திரங்களை வயலில் ஓட்டிச் சோதிக்கின்றன. அந்த அறிக்கையில் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதோடு, ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு தானியம் சிந்தியது, எவ்வளவு உடைந்தது என்பனவும் இருக்கும். ஹெக்டேர் எண்ணை 2.47 ஆல் வகுத்தால் ஏக்கர் கணக்கு கிடைக்கும். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது, எந்தப் பயிரில், எந்த ஈரப்பதத்தில் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். கோதுமையில் கிடைத்த எண் நம் நெல்லுக்குப் பொருந்தாது. சேற்றுப்பாங்கான வயல்கள் அதிகமுள்ள பகுதிக்கு டயர் வண்டியை, டீசல் எண் குறைவு என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

கேள்வி: டீசலில் கலந்தால் மைலேஜ் கூடும் என்று ஒரு திரவத்தை விற்கிறார்கள். மண்ணெண்ணெய் கலப்பவர்களும் இருக்கிறார்கள். கலக்கலாமா? (பெரம்பலூர்)

பதில்: மண்ணெண்ணெயை ஒருபோதும் கலக்காதீர்கள். அதில் வழவழப்பு குறைவு. டீசலையே மசகாக நம்பி ஓடும் பம்ப்பும் இன்ஜெக்டரும் விரைவில் தேய்ந்து, அந்தச் செலவு ஒரு பருவத்து மிச்சத்தை விழுங்கிவிடும். லிட்டருக்கு லிட்டர் அதில் ஆற்றலும் குறைவு. நியாய விலைக் கடைக்கான மண்ணெண்ணெயைக் கலப்பது சட்டப்படியும் குற்றம். திரவத்தைப் பொறுத்தவரை, மேலே மன்னார்குடி வாசகருக்குச் சொன்ன முறையில், கலக்காமல் ஐந்து நாள், கலந்து ஐந்து நாள், அதே ஓட்டுநரை வைத்து, ஒத்த வயல்களில் அளந்து பாருங்கள். அந்த ஐந்து நாள் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, நாளுக்கு நாள் தானாக வரும் ஏற்றத்தாழ்வைவிடக் குறைவாக இருந்தால், அந்தப் பணத்துக்கு ஒரு புதிய ஏர் ஃபில்டரும் ஒரு தொகுதி பிளேடும் வாங்கிப் போடுங்கள்.